விசில் அடிக்காத தெரு

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது என்னிடம் வேலை இல்லை, லைசென்ஸ் இருந்தது. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பதியில் லாட்ஜில் ரூம் பாய், காளஹஸ்தியில் டீக்கடை, லாரியில் கிளீனர், பிறகு டிரைவர் என்று எந்த இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. அது மாம்பழ சீசன். சீசனில் சித்தூருக்கு வந்தால் ஜூஸ் பாக்டரிகளில் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். அப்படித்தான் வந்தேன்.

டீக்கடையில் ஒரு கான்ட்ராக்டர் பிடித்தான். குட்டியானை வண்டி ஓட்டத் தெரியுமா என்று தெலுங்கில் கேட்டான். தெரியும் என்றேன். தினமும் எல்லையோரத்துத் தமிழ் ஊர் ஒன்றிலிருந்து பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு பாக்டரிக்கு வர வேண்டும், சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும். பழைய டிரைவர் என்ன ஆனான் என்று கேட்டேன். அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னான்.

முந்தின நாள் காலையில் அந்த ஊர் வண்டி அடிபட்டிருந்தது. சீசனில் பாக்டரி வாசலில் மாங்காய் டிராக்டர்கள் இறக்குவதற்காக வரிசை கட்டி நிற்கும். வரிசை நீண்டு மெயின் ரோட்டு வளைவு வரைக்கும் வந்துவிடும். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி டிரைவர் இடது பக்கம் ஒடித்தான். அங்கே ஒரு டிராக்டர் நின்றிருந்தது. வண்டியின் இடது பக்கம் முழுக்க அதில் போய் மோதியது. இடது பலகையில் உட்கார்ந்திருந்தவர்களில் நாலு பெண்கள் அங்கேயே போய்விட்டார்கள். நாலு பேரும் ஒரே தெரு. முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த, பெண்களை வேலைக்குக் கூட்டிவருகிற மேஸ்திரியம்மா கால் நசுங்கி, திருப்பதி பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். டிரைவருக்கு விலா எலும்பு உடைந்ததோடு சரி. அவனும் அதே தெருக்காரன்தான்.

"இப்ப அந்த ஊர்ல எவன் வண்டி எடுப்பான்? வெளியாள்தான் வேணும்" என்றான் கான்ட்ராக்டர். நான் வெளியாள். எங்கே போனாலும் வெளியாள்தான். ஒத்துக்கொண்டேன்.

வாடகைக்குப் பிடித்த வேறொரு குட்டியானையை ஓட்டிக்கொண்டு மறுநாள் அந்தத் தெருவுக்குப் போனேன். சிமெண்ட் ரோடு, இரண்டு பக்கமும் தளம் போட்ட சின்னச் சின்ன வீடுகள், வாசலில் மோட்டார் சைக்கிள்கள். சாவு வீடு என்றால் கூட்டமும் சத்தமும் இருக்கும். அங்கே சத்தமே இல்லை. என்ன குறைகிறது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது. பகல் சாப்பாட்டு நேரம், ஒரு வீட்டிலும் குக்கர் விசில் கேட்கவில்லை.

அவர்கள் வழக்கம் இது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. சுடுகாட்டில் பால் ஊற்றுகிற வரைக்கும் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. மாமன் மச்சான் முறையில் இருக்கிறவர்கள் தங்கள் வீட்டில் ஆக்கி எடுத்து வந்து போட வேண்டும். ஆனால் அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்று பங்காளிகள். நாலு வீட்டில் எழவு, மிச்ச வீடுகளில் தீட்டு. மாமன் மச்சான் முறையில் தெருவிலேயே இருந்தது ஒரே ஒரு வீடு. தெருக்கோடியில், டிரைவருடைய வீடு. அவன் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்.

முறைப்படி அந்த வீட்டிலிருந்துதான் தெருவுக்கே சோறு வர வேண்டும். அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

ஏரிக்கு அந்தாண்டை ஒரு தெலுங்குக்காரர் ஊர் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஏரித் தண்ணீருக்கு வருஷா வருஷம் தகராறு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே தவிர, பந்தியில் உட்கார மாட்டார்கள். அன்று அந்த ஊர்ப் பெண்கள் பெரிய பெரிய அலுமினியக் குண்டான்களில் சோறும் பருப்பும் சுமந்துகொண்டு ஏரிக்கரை மேல் வரிசையாக நடந்து வந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. வந்து இலை போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார்கள்.

பருப்பு என்றால் சீசனில் அவர்கள் வைக்கிற பருப்பு. மாங்காய் போட்ட பப்பு.

முதல் இலையில் மேஸ்திரியம்மாவின் தங்கை புருஷன் உட்கார்ந்திருந்தான். செத்த நாலு பேரில் அவன் பெண்டாட்டி ஒருத்தி. பருப்பை ஊற்றியதும் இலையில் மாங்காய்த் துண்டு விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். பக்கத்து இலைகளில் இருந்தவர்களும் பார்த்தார்கள். ஊற்றின பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மாம்பழம் அறுத்தே பிழைத்து, மாங்காய் டிராக்டரில் மோதிச் செத்தவர்களுடைய வீட்டில் இதைக் கொண்டுவந்து போட்டிருக்கிறோமே என்று கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். தெரியாமல் செய்துவிட்டோம் என்று தெலுங்கில் சொல்லி, இலையை எடுக்கக் குனிந்தாள்.

அவன் கையால் தடுத்தான்.

"சீசன்ல அவ வூட்டுக்குள்ள மாங்காவே சேக்க மாட்டா. நாத்தம் புடிக்கலம்பா" என்றான். "நான் துன்னு ரெண்டு மாசம் ஆவுது. ஊத்தும்மா."

அழுகிற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும் யாரோ ஒரு சத்தம் போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். தினமும் விதவிதமாகக் குழம்பு கொண்டுவந்திருந்தால்கூட இவ்வளவு சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு தப்பு நடந்து, அதை ஒருத்தன் பொறுத்துக்கொண்டதும் தெருவுக்கே மூச்சு விட வழி கிடைத்தது மாதிரி இருந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண்கள் இன்னொன்றும் செய்தார்கள். சாப்பிட வராத வீடுகளுக்கு ஒரு பாத்திரத்தில் சோறு வைத்துவிட்டுப் போனார்கள். யார் வீடு எது என்று தெரியாமல் தெருக்கோடி வீட்டு வாசலிலும் ஒன்றை வைத்தார்கள். டிரைவர் பெண்டாட்டி கதவைக் கொஞ்சமாகத் திறந்து எடுத்துக்கொண்டதைத் தெருவே பார்த்தது. எழவு வீட்டுச் சோறு அவளுக்கு எதுக்கு என்று ஒரு கிழவி கேட்டாள்.

எனக்குச் சோறு போட அந்தத் தெருவில் அடுப்பு எரிகிற வீடு வேறு இல்லை. கான்ட்ராக்டர் சொல்லி அனுப்பினதன் பேரில் டிரைவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். பக்கத்துப் பம்புசெட்டு ரூமில் படுக்கை. அவள் குக்கரில் வெயிட்டைப் போடாமல், மேலே ஒரு தட்டை மூடி சோறு ஆக்கினாள். கேஸ் அடுப்பில் புகை வராது, விசில் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பாதி வேகாத அரிசியும் குழைந்த அரிசியும் கலந்து கிடக்கும். நான் எதையும் தின்பவன்.

டிரைவர் ஜாமீனில் வந்து கட்டிலில் கிடந்தான். என் வயசுக்காரன்தான். தினமும் ஒரே கேள்வி கேட்பான். இன்னிக்கு யார் யார் வெளியே வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள்.

ஊரில் அவனை யாரும் திட்டவில்லை. அடிக்க வரவில்லை. அவன் முன்னால் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரு பேச்சு மட்டும் தெருவில் சுற்றியது. தன் பக்கத்தைக் காப்பாத்திக்கினான் என்று. அதை முதலில் யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது அவன் காதுக்கும் போயிருந்தது.

"நீயும் வண்டி ஓட்றவன். சொல்லு. கை எந்தப் பக்கம் ஒடிக்கும்னு யாராச்சும் ரோசன பண்ணி ஒடிப்பாங்களா?" என்று என்னிடம் ஒரு நாள் கேட்டான்.

மாட்டார்கள் என்றேன். ஆனால் நான் சொல்லி என்ன பிரயோசனம். அவனுக்கு வேண்டிய பதில் என்னிடமிருந்து வர வேண்டியதில்லை. சீசன் முடிவதற்குள் ஊர்ப் பெண்கள் மறுபடி அவன் வண்டியில் ஏறவில்லை என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் போய்விடுவது என்று அவர்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள். பெண்டாட்டிதான் சொன்னாள். அங்கே அவர்களுக்கு யாரையும் தெரியாது. "தெரியாத ஊர்ல நிம்மதியா இருக்கலாம் இல்ல?" என்று என்னிடம் கேட்டாள். தெரியாத ஊர்களிலேயே வாழ்கிறவனிடம் கேட்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

தடா பக்கம் ஒரு கட்டிட வேலையில் இருந்தபோது சாரத்திலிருந்து ஒருவன் விழுந்து செத்தான். எந்த ஊர்க்காரன் என்று எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. மறுநாள் அவன் பாயில் புதிதாக வந்தவன் படுத்தான். சோறு நேரத்துக்கு வந்தது, எல்லோரும் தின்றோம். யாரும் யாரிடமும் பேசாமல் இருக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னாலும் பெரிதாகப் பேசியதில்லை. நிம்மதி என்றால் அதுவும் நிம்மதிதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் யாரும் வேலைக்கு வரவில்லை. வண்டி சும்மாதான் நின்றது. அதனால் மேஸ்திரியம்மாவைப் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போனேன். தங்கை செத்தது அவளுக்குத் தெரியாது, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். வார்டுக்குள் நுழைந்து தங்கை புருஷன் முகத்தைப் பார்த்ததும் அவளே கேட்டாள்.

"எனக்குச் சொல்லாமயே எடுத்துட்டீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி, வேறு யார் யார் என்று கேட்டாள். சொன்னார்கள். ஒவ்வொரு பேருக்கும் கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் டிரைவரைப் பற்றிக் கேட்டாள். உயிரோடு வீட்டில் இருக்கிறான் என்றேன். நான் யார் என்று அவள் கேட்கவில்லை.

"பால் ஊத்தற வரைக்கும் அவன் வூட்டுச் சோறுதான துன்னீங்க?" என்றாள்.

முறை தெரிந்தவள், அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டாள். கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் ஒருவன் ஜன்னலைப் பார்த்தான். இன்னொருத்தி பிளாஸ்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனாள். மேஸ்திரியம்மா எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள்.

பால் ஊற்றின பிறகு அடுப்பு மூட்டலாம். மூட்டினார்கள். ஆனால் குக்கரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. முதல் விசில் தன் வீட்டிலிருந்து வரக் கூடாது என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. எல்லோரும் சட்டியில் வடித்தார்கள்.

ரெண்டாவது வாரம் பெண்கள் வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். சீசன் போனால் போனதுதான், வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்றும் சொன்னார்கள். வண்டியின் பின்னால் ரெண்டு பக்கமும் நீளவாட்டில் பலகை போட்டிருக்கும். ஏறினவர்கள் எல்லோரும் வலது பலகையில் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கி உட்கார்ந்தார்கள். இடமில்லாதவர்கள் கீழே உட்கார்ந்தார்கள். இடது பலகையில் சாப்பாட்டுப் பைகளை வரிசையாக வைத்தார்கள்.

குட்டியானை சின்ன வண்டி. ஒரு பக்கம் பாரம் ஏறினால் ஸ்டீயரிங்கிலேயே தெரியும். வண்டி சாய்ந்து சாய்ந்து போனது. ரெண்டு பக்கமும் பிரிந்து உட்காருங்கள் என்று முதல் நாள் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. சாய்ந்த வண்டியை ஓட்டப் பழகிக்கொண்டேன். வளைவு வரும்போது பேச்சு நின்றுவிடும். தாண்டியதும் யாராவது ஒருத்தி இன்னொருத்தியின் சேலையைப் பற்றியோ சூப்பர்வைசரின் மீசையைப் பற்றியோ ஏதாவது சொல்வாள். அதுவும் தினமும் ஒருத்தி மாற்றி ஒருத்தி சொன்னாள். இன்றைக்கு உன் முறை என்று யாரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சில நாட்களில் அந்தப் பேச்சு சிரிப்பே வராத பேச்சாக இருக்கும். ஆனாலும் எல்லோரும் சிரிப்பார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் மேஸ்திரியம்மாவைத் திருப்பதியிலிருந்து கூட்டிவந்தேன். காலில் கட்டு, கையில் ஊன்றுகோல். நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டில்தான் அவளும் இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு தங்கையோடு வந்து சேர்ந்தவள்.

காரியம் ஆன பிறகு நித்திரை என்று ஒன்று உண்டு. எழவு வீட்டுக்காரர்கள் வேறொரு வீட்டுக்குப் போய், அங்கே சாப்பிட்டு, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வர வேண்டும். அது ஆகிற வரைக்கும் மற்றவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. போகிற வீடு எழவோ தீட்டோ இல்லாத வீடாக இருக்க வேண்டும். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அம்மா வீட்டு ஆட்கள். தெருவில் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய் வந்துவிட்டார்கள். மேஸ்திரியம்மாவுக்காக அவள் அண்ணன் குடியாத்தத்தில் காத்திருந்தார். அவளைக் கொண்டுபோய் விட வேண்டியது என் வேலை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் முன் சீட்டில் அவளை உட்கார வைத்து, கட்டுப்போட்ட காலுக்குத் தலையணை கொடுத்து, துணி மூட்டையை மடியில் வைத்தோம். வழியனுப்ப தெருவே வாசலில் நின்றது. போய்வருகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது, சொல்லவில்லை. வண்டியை மெதுவாக எடுத்தேன். தெருக்கோடிக்கு வந்ததும் அவள் என் கையைத் தொட்டாள்.

"நிறுத்து."

எதையாவது மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் டிரைவர் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் பெண்டாட்டி சத்தம் கேட்டு வெளியே வந்து, யார் என்று தெரிந்ததும் அப்படியே நின்றாள்.

"சோறு கீதா?" என்றாள் மேஸ்திரியம்மா.

"இனிமேதாங்கா ஆக்கணும்."

"ஆக்கு. இன்னிக்கு இங்கதான் படுப்பேன்."

தங்கை புருஷன் பின்னாலேயே வேகமாக வந்துவிட்டான். மற்றவர்களும் கொஞ்ச தூரத்தில் வந்து நின்றார்கள். என்ன செய்கிறாய், குடியாத்தத்தில் உன் அண்ணன் காத்துக்கொண்டிருக்கிறார், போயும் போயும் இங்கேயா என்று அவன் கேட்டான். அவள் குரலை உயர்த்தவில்லை.

"எழவு உழாத வூடு, தீட்டு இல்லாத வூடு, நம்ம தெருவுல இது ஒண்ணுதான் கீது. வேற எங்க போவ சொல்ற?" என்றாள். பிறகு, "அன்னிக்கே இந்த வூட்டுச் சோறுதான் நீங்க துன்னிருக்கணும். இந்த வூட்டுக்கும் சோறு வெக்கணும்னு ஏரிக்கு அந்தாண்ட இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிது, உங்களுக்குத் தெரியல" என்றாள்.

கதவுக்கு உள்பக்கம் டிரைவர் நின்றிருந்தது எனக்குத் தெரிந்தது.

"எங்க அவன்? என்னத் தூக்கி எறக்க ஆள் வோணும்."

அவன் வந்தான். விலாவில் கட்டு அவிழ்த்து சில நாள்தான் ஆகியிருந்தது. நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். அவள் கை அவன் தோள்மேல் இருந்தது. படியில் ஏறும்போது, "யக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

"நானும் உன் பக்கத்துலதானே உக்காந்துக்கினு இருந்தேன்" என்றாள். "என் கண்ணுக்கும் லாரிதான் தெரிஞ்சிது. டிராக்டர் தெரியல."

அதைத் தெரு கேட்டது. கேட்கட்டும் என்றுதான் படியிலேயே நின்று சொன்னாள் என்று நினைக்கிறேன். அந்த விபத்தில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து பிழைத்தவள் அவள் ஒருத்திதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அது சமாதானம். அவள் சொன்னது சாட்சி.

டிரைவர் பெண்டாட்டி உள்ளே போய் அடுப்பில் குக்கரை ஏற்றி வழக்கம் போலத் தட்டைப் போட்டு மூடினாள். கூடத்துக் கட்டிலில் இருந்த மேஸ்திரியம்மா அதைப் பார்த்துவிட்டு, குக்கர் என்ன கெட்டுவிட்டதா, வெயிட்டைப் போடு, பசிக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் விசில் அடித்தது. இத்தனை நாள் கேட்காமல் இருந்து கேட்டதில் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. வெளியே நின்றவர்கள் இன்னும் ரெண்டு விசில் வரைக்கும் நின்றுவிட்டு, ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்று வேறு எந்த வீட்டிலும் விசில் கேட்கவில்லை. மறுநாள் காலையில் எதிர் வரிசையில் ஒரு வீட்டில் கேட்டது. அதற்கு மேல் நான் கவனிக்கவில்லை.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். செத்த பெண்களில் ஒருத்தியின் அம்மா சீசன் முடிகிற வரைக்கும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாளாம். டிரைவரைப் பார்த்தால் அவள் தெருவின் மறுபக்கம் மாறி நடப்பாள். அவனும் அதை ஒன்றும் சொல்வதில்லை. மேஸ்திரியம்மாவும் அந்த அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரவருக்கு எவ்வளவு நாளோ அவ்வளவு நாள் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நாளைக்கு அவன் எடுக்கட்டும் என்றாள். என் வேலை போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சாய்ந்த வண்டியை ஓட்டி ஓட்டி என் இடது தோள் வலித்துக்கொண்டிருந்தது. வேறு ஊர் போகவும் நாளாகிவிட்டது.

மறுநாள் காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதே வண்டியில் ஏறினேன். டிரைவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, சாவியைப் போட்டுவிட்டு, திருகாமல் இருந்தான். மேஸ்திரியம்மா ஊன்றுகோலோடு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் இன்னும் வேலைக்குப் போகிற நிலைமையில் இல்லை. பெண்கள் ஏறினார்கள். பழக்கம்போல வலது பலகையில் நெருக்கினார்கள், பைகளை இடது பலகையில் வைத்தார்கள். முன் சீட்டு மேஸ்திரியம்மாவுடையது, யாரும் அதில் ஏறுவதில்லை. பின்னால் எனக்கு உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேஸ்திரியம்மா கீழே இருந்தபடியே கை நீட்டி, ஓரத்தில் இருந்த ஒரு பையை எடுத்து அந்தப் பைக்காரியின் மடியில் வைத்தாள்.

"நின்னுக்கினே போவியா? உக்காரு" என்றாள் என்னிடம்.

பழைய வண்டியில் அந்த ஓரத்தில்தான் அவள் தங்கை உட்காருவாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரி யாரையாவது உட்காரச் சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள். என்னைச் சொன்னாள். வெளியாளாக இருப்பதில் அப்படியும் ஒரு பிரயோசனம் இருக்கிறது. உட்கார்ந்தேன். பலகை வெறும் பலகைதான், வெயில் படாததால் சில்லென்று இருந்தது.

வண்டி நகர்ந்தது. ஏரிக்கரை தாண்டுவதற்குள் எதிரே கீழே உட்கார்ந்திருந்த ஒருத்தி, கால் மரத்துப்போகிறது என்று முணுமுணுத்தபடி எழுந்து, என் பக்கத்தில் இருந்த பையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொருத்தி. வளைவு வந்தது. பேச்சு நின்றது. டிரைவர் வண்டியை ரொம்ப மெதுவாக்கினான். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான்.

"அடிக்கட்டும், நீ மெதுவாவே போ" என்று உள்ளேயிருந்து ஒருத்தி அவனுக்குச் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டு வண்டி போனது. நான் நின்று பார்த்தேன். அதிகம் சாயாமல் போனது.